நோய் நாள் பார்த்து வருமோ?

யூபிலி மலர்களிலே கல்லூரியின் பெருமையை எடுத்துரைத்தல் மரபு. இங்கு பயின்றோர் இன்று எந்தெந்த நாடுகளில் எந்தெந்தப் பதவிகளில் விளங்குகின்றனர் என்று பட்டியலிட்டுக் காட்டுதலும் அம்மரபின் ஒரு பகுதியே. அது வேண்டத்தக்கதே. ஆயினும் அப்பட்டியலில் உள்ள பெயர் ஒவ்வொன்றின் பின்னும் ஒரு பயணம் உண்டு. அப்பயணத்தின் முதன் மாதங்களைப் பற்றி மலர்கள் பேசுவதில்லை. அம்மாதங்களிலே புதிதாகக் குடியேறிய குடும்பத்தில் ஒருவர் நோயுற்றால் வைத்தியச் செலவை ஏற்பவர் யார்? இவ்வினாவையே ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

வெளிநாட்டில் வாழ விண்ணப்பிக்கும் இளைஞர் பலர் நற்சான்றிதழ் வேண்டி எம்மிடம் வருகின்றனர். மொழித் தேர்விற் பெறவேண்டிய புள்ளி, வங்கியிற் காட்டவேண்டிய தொகை, வைத்தியப் பரிசோதனைக்குச் செல்லவேண்டிய இடம் ஆகிய யாவற்றையும் அவர்கள் விரல்நுனியில் வைத்திருக்கின்றனர். ஆனால், சென்று சேர்ந்த பின்னும் சில நாடுகளில், சில மாகாணங்களில், அரசாங்கச் சுகாதாரக் காப்புறுதி உடனே கிடைப்பதில்லை என்பதை அறிந்தவர் அவருள் மிகச் சிலரே. இவ்விடைவெளிக்குக் காத்திருப்புக் காலம் என்று பெயர்.

இதனை அவர்கள் அறியாமலிருப்பதில் வியப்பில்லை. எமது நாட்டிலே அரசாங்க வைத்தியசாலைகளிற் கட்டணம் அறவிடும் முறை 1951 ஆம் ஆண்டில் நீக்கப்பட்டது. அன்று தொட்டு, மருந்துத் தட்டுப்பாடும் நீண்ட வரிசையும் கட்டிற் குறைவும் எத்துணை இருப்பினும், வைத்தியசாலை வாயிலில் நின்று, "நீ இம்மாகாணத்துக்கு எந்தத் திகதியில் வந்தாய்?" என்று எவரும் கேட்டதில்லை. மட்டக்களப்பிலிருந்து நேற்று வந்தவரும் யாழ்ப்பாணத்திலே பரம்பரையாக வாழ்பவரும் ஒரே வரிசையில் நிற்கின்றனர். இம்முறையில் வளர்ந்த ஒருவருக்கு, நோய்க்கும் நாட்கணக்குக்கும் தொடர்புண்டு என்னும் எண்ணமே தோன்றாது.

எமது பழைய மாணவர் பெருந்தொகையினராய் வாழும் கனடாவையே இதற்கு எடுத்துக்காட்டாகக் கொள்வோம். அந்நாட்டின் பொதுச் சுகாதார முறை உலகம் போற்றுவது. சஸ்கற்சுவான் மாகாணம் 1947 இல் வைத்தியசாலைக் காப்புறுதியையும் 1962 இல் வைத்தியர் கட்டணத்துக்கான காப்புறுதியையும் தொடக்கி வழிகாட்டிற்று. 1966 இல் நாடு முழுவதற்குமான மருத்துவப் பராமரிப்புச் சட்டம் பிறந்தது. 1984 ஆம் ஆண்டின் கனடாச் சுகாதாரச் சட்டம் ஐந்து நெறிகளை வகுத்தது: பொது நிருவாகம், முழுமை, அனைவர்க்கும் பொதுமை, இடம்பெயரினும் தொடர்தல், தடையின்றி அணுகல் என்பன அவை. காப்புறுதியை நடத்துவன மாகாணங்கள். இவ்வைந்து நெறிகளையும் கைக்கொள்ளும் மாகாணத்துக்கு மத்திய அரசு பணம் வழங்கும்.

இவற்றுள் "இடம்பெயரினும் தொடர்தல்" என்னும் நெறியிலேதான் காத்திருப்புக் காலம் உறைகின்றது. புதிதாக வந்து வாழ்வோரை ஒரு மாகாணம் காப்புறுதிக்காகக் காத்திருக்கச் செய்யலாம். ஆனால் அக்காலம் மூன்று மாதத்தை மேற்படலாகாது என்பது சட்டம். அதே பிரிவு வேறொரு கடமையையும் விதிக்கின்றது. ஒருவர் ஒரு மாகாணத்தை விட்டு மற்றொன்றுக்குப் போனால், புதிய மாகாணத்தில் அவர் காத்திருக்கும் நாட்களுக்குரிய செலவைப் பழைய மாகாணமே ஏற்றல் வேண்டும். ஆகவே அல்பேர்ட்டாவிலிருந்து பிரித்தானிய கொலம்பியாவுக்குச் செல்லும் ஒருவருக்குக் காத்திருப்பு என்பது எழுதுவினைஞர் ஏட்டிலுள்ள கணக்கு மாத்திரமே. அவருடைய உடம்பு ஒரு நாளேனும் காவலின்றி நிற்பதில்லை.

இனிக் கொழும்பு விமான நிலையத்திலிருந்து செல்பவரை நோக்குக. அவருக்குப் பழைய மாகாணம் என ஒன்றில்லை. அவருக்காகப் பணஞ் செலுத்த எந்த அரசும் பின்னே நிற்கவில்லை. இரண்டு கரைகளுக்கும் இடையே பாலம் இருந்த இடத்தில் ஒருவருக்கு வெறுங் கணக்காயிருந்த மூன்று மாதம், பாலமில்லாத இடத்தில் மற்றவருக்குப் பள்ளமாகி விடுகின்றது. விதி ஒன்றே, விளைவு வேறு. இதுவே இம்முறையின் அடிப்படைக் குறை என்பது எமது துணிபு. உள்நாட்டில் எவரையும் வருத்தாத ஓர் ஏற்பாடு, வெளிநாட்டிலிருந்து வருவோரை மாத்திரம் வருத்துமாயின், அதனைச் சமநீதி என்று கூறுதல் எங்ஙனம்?

மாகாணங்கள் யாவும் ஒரே வழியிற் செல்வதில்லை. அல்பேர்ட்டா மாகாணம் வெளிநாட்டிலிருந்து நிரந்தர வதிவுரிமையுடன் வருவோருக்கு வந்த நாள் முதலே காப்புறுதி வழங்குகின்றது. எம்மவர் மிகப் பலர் வாழும் ரொறன்ரோ நகரத்தைத் தன்னகத்தே கொண்ட ஒன்ராறியோ, 1994 இல் மூன்று மாதக் காத்திருப்பைப் புகுத்திற்று. ஏறத்தாழ இருபத்தாறு ஆண்டுகள் அது நிலவியது. 2020 மார்ச்சு மாதத்தில், கொரோனாத் தொற்று பரவத் தொடங்கியபோது, அம்மாகாணம் அதனை நீக்கியது. கியூபெக்கிலே மூன்று மாதம் வரையிலான காத்திருப்பு இன்னும் உண்டு; எனினும் கருப்பம், பிரசவம் ஆகியவற்றுக்கான கவனிப்பும், வன்செயலுக்கு ஆளானோருக்கான கவனிப்பும், பொதுச் சுகாதாரத்தைத் தாக்கவல்ல தொற்றுநோய்களுக்கான கவனிப்பும் அக்காலத்திலும் அளிக்கப்படுகின்றன.

பிரித்தானிய கொலம்பியாவிலே வந்த மாதத்தின் எஞ்சிய நாட்களும் அதன்மேல் இரண்டு மாதமும் காத்திருத்தல் வேண்டும். மாணவர்கள் இதனைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். ஜனவரி 2 ஆந் திகதி வந்தவருக்கும் ஜனவரி 30 ஆந் திகதி வந்தவருக்கும் காப்புறுதி தொடங்குவது ஏப்பிரில் முதலாந் திகதியிலேயே. பெப்புருவரி 28 நாட்களைக் கொண்ட ஆண்டில், முன்னவர் காவலின்றி இருப்பது 89 நாள். பின்னவர் இருப்பது 61 நாள். விமானச் சீட்டின் திகதி ஒன்றே இருபத்தெட்டு நாள் வேறுபாட்டை விளைக்கின்றது. நோய்க்கும் இக்கணக்குக்கும் யாது தொடர்பு?

மறுபக்கத்தார் கூற்றையும் கேட்டல் வேண்டும். காப்புறுதி என்பது நலமுள்ளோர் பலர் இட்ட பணத்தால் நோயுற்றோர் சிலரைக் காக்கும் ஏற்பாடு. வீடு பற்றியெரியும்போது தீக் காப்புறுதி வாங்க எவரும் இடங்கொடார். அவ்வாறே, நோய் கண்டபின் வந்து சேர்வோரைத் தடுக்கச் சிறிது காலம் காத்திருக்கச் செய்தல் நியாயம் என்பர். வைத்தியத்துக்காகவே எல்லை கடந்து வருவோரைத் தடுக்கவும் இது வேண்டும் என்பர். 2001 இல் ஒன்ராறியோ மேன்முறையீட்டு நீதிமன்றமும், காத்திருப்பு விதி உரிமைச் சாசனத்துக்கு முரணானதன்று என்றே தீர்த்தது.

இவ்வாதங்கள் ஒதுக்கத்தக்கன அல்ல. ஆனால் ஆராய்ந்தால் நில்லா. முதலாவது, விரும்பினாற் சேரலாம், விரும்பாவிடின் விலகலாம் என்றிருக்கும் தனியார் காப்புறுதிக்கே தீ உவமை பொருந்தும். கனடாவின் முறையோ வரிப்பணத்தால் நடப்பது. பிரித்தானிய கொலம்பியா முன்னர் மாதந்தோறும் தனிக் கட்டணம் பெற்று வந்தது; 2020 ஜனவரியில் அதனையும் அறவே ஒழித்தது. புதிதாக வந்தவர் முதல் நாளிற் பிள்ளைக்கு வாங்கும் குளிர்ச் சட்டைக்கே வரி கொடுக்கின்றார். வேலை கிடைத்த முதற் கிழமையே வருமான வரி பிடிக்கப்படுகின்றது. கொடுப்பதற்குக் காத்திருப்பு இல்லை. பெறுவதற்கு மாத்திரம் உண்டு.

இரண்டாவது, நிரந்தர வதிவுக்கு விண்ணப்பிப்பவர் எல்லை தாண்டித் திடீரெனக் குதித்தவர் அல்லர். அவ்வரசு குறித்த வைத்தியரிடம் குருதி, சிறுநீர், நெஞ்சுப் படம் எனப் பரிசோதனைக்குட்பட்டவர். சுகாதாரச் சேவைக்கு மிகைச் சுமையாவார் எனக் காணப்படுவோரை மறுக்கவும் சட்டத்தில் இடமுண்டு; துணைவர், தங்கி வாழும் பிள்ளைகள், அகதிகள் முதலியோருக்கே அதில் விலக்கு உண்டு. இத்தனை சல்லடைகளிலும் சலித்தெடுத்து, "நீர் தக்கவர், வருக" என்று அழைத்த பின்னர், வாயிலில் நிறுத்தி வைத்து, "இன்னும் சில காலம் பொறும்" என்பது அழைத்தவர்க்கு அழகன்று.

மூன்றாவது, சட்டத்துக்கு முரணன்று என்பது வேறு, அறத்துக்கு உகந்தது என்பது வேறு. நீதிமன்றம் முன்னதைக் கூறிற்று. பின்னதைக் கூறவேண்டியது மக்கள் மன்றம். 2020 இல் ஒன்ராறியோ காத்திருப்பை நீக்கியது யாது கருதி? காப்பில்லாதவர் வைத்தியரிடஞ் செல்லத் தயங்குவர். தயங்குவோரின் நோய் அயலாருக்கும் பரவும் என்று உணர்ந்தேயாம். கொள்ளைநோய்க் காலத்தில் உண்மையாயிருந்த இது ஏனைய காலத்திற் பொய்யாகி விடுமோ? செலவுக்கு அஞ்சி மருந்தை நிறுத்தும் நீரிழிவு நோயாளர், மூன்றாம் மாதத்தின் பின் கால் புண்ணோடு அதே பொது வைத்தியசாலைக்குத்தான் போகின்றார். அன்று மிச்சம் பிடித்ததை நாளை பன்மடங்காகச் செலவிடல் சிக்கனம் ஆகாது.

இடைக்காலத்துக்குத் தனியார் காப்புறுதி உண்டன்றோ என்பர். உண்டு. ஆயின் அப்பத்திரங்களை வரிவரியாக வாசித்தல் வேண்டும். அவை பெரும்பாலும் திடீர் நோய்க்கும் விபத்துக்குமே பணம் கொடுப்பன. முன்பே உள்ள நோயாயின், குறித்த நாட்கள், சில பத்திரங்களில் 90, வேறு சிலவற்றில் 180, மாற்றமின்றி நிலைத்திருந்தாலன்றி அதற்குப் பணம் இல்லை. புறப்படுமுன் வைத்தியர் மாத்திரையின் அளவைக் கூட்டினாலும் அது மாற்றமே, குறைத்தாலும் மாற்றமே. பிரசவச் செலவைப் பல பத்திரங்கள் ஏற்பதேயில்லை. சென்று சேர்ந்தபின் வாங்கினாலோ, நோய்க்குரிய காப்பு தொடங்க இரண்டு நாளோ அதற்கு மேலோ அங்கும் காத்திருக்க வேண்டியிருக்கும். காத்திருப்பை நிரப்ப வாங்கும் பத்திரத்துள்ளும் ஒரு காத்திருப்பு!

ஓர் இளங் குடும்பத்தை எண்ணிப் பார்க்க. கணவன், ஏழு மாதக் கருப்பவதியான மனைவி, ஐந்து வயதுப் பிள்ளை. காணியை ஈடுவைத்துப் பயணச் செலவைத் தேடிச் சென்றவர்கள். காத்திருப்புள்ள மாகாணத்தில் இறங்கிய ஆறாவது கிழமையில் பிரசவ வேதனை தொடங்குகின்றது. உயிராபத்தில் வந்தவரை அந்நாட்டு வைத்தியசாலை திருப்பி அனுப்பாது. ஆனால் தாயும் சேயும் நலமாக வீடு திரும்பிய பின் கட்டணப் பட்டியல் தபாலில் வரும். ஈட்டுக் காணியை மீட்பதற்கெனத் தொடங்கிய வாழ்வு இரண்டாவது கடனோடு தொடங்கும். அடுத்த மாகாணத்தில் இறங்கியிருந்தால் இக்கடன் இல்லை. இதனை விதி என்பதா, விதிகளின் பிழை என்பதா?

எம்மவருள் மிகப் பலர் விண்ணப்பித்து அழைக்கப்பட்டுச் சென்றவர் அல்லர். அடைக்கலம் தேடிச் சென்றவர். 1986 ஆகத்தில் நியூபவுண்லாந்துக் கரைக்கு அப்பால் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் மிதந்த 155 தமிழரை மீனவர் மீட்டதை உலகம் அறியும். அடைக்கலங் கோருவோருக்கு மத்திய அரசின் இடைக்காலச் சுகாதாரத் திட்டம் உண்டு. 2012 இல் அத்திட்டம் வெட்டிக் குறைக்கப்பட்டபோது, வைத்தியர்களே வீதிக்கு வந்து எதிர்த்தனர். அக்குறைப்பு உரிமைச் சாசனத்துக்கு முரண் என 2014 இல் மத்திய நீதிமன்றம் தீர்த்தது; 2016 இல் திட்டம் மீண்டும் முழுமை பெற்றது. காப்பின்றி ஒருவரை விடுதல் தகாது என்னும் உணர்வு அந்நாட்டு மக்களிடையே உண்டு என்பதற்கு இது சான்று. அவ்வுணர்வு குடிவரவாளருக்கும் நீளவேண்டும் என்பதே எமது வேண்டுகோள்.

பெற்றோர் நிலை இன்னுங் கடினம். பிள்ளைகளிடம் நெடுநாள் தங்கச் செல்லும் பெற்றோருக்கென 2011 டிசம்பரிற் சிறப்பு விசா ஒன்று தொடங்கப்பட்டது. அதற்கு ஓராண்டுக்குக் குறையாத, ஓரிலட்சம் டொலருக்குக் குறையாத தனியார் காப்புறுதி வேண்டும். இன்று ஒருமுறை சென்றால் ஐந்தாண்டு வரை தங்கலாம். ஆயின் அவர்கள் வருகையாளரே. எத்தனை ஆண்டு பேரப்பிள்ளைகளைத் தோளிற் சுமந்தாலும் அவர்களுக்கு மாகாணக் காப்புறுதி இல்லை. முதுமையில் நோயின்றி நிலைத்திருக்கும் உடல் எத்தனை பேருக்கு வாய்க்கும்?

வேறு நாடுகள் வேறு வழி கண்டன. பிரித்தானியா காலத்தைக் கேட்பதில்லை, பணத்தைக் கேட்கின்றது. 2015 இல் ஆண்டுக்கு 200 பவுணாகத் தொடங்கிய குடிவரவுச் சுகாதாரக் கட்டணம் 2024 பெப்புருவரியில் 1,035 பவுணாயிற்று. மாணவருக்கும் பதினெட்டு வயதுக்குட்பட்டோருக்கும் 776 பவுண். தாய், தந்தை, இரு பிள்ளைகள் கொண்ட குடும்பத்துக்கு இவ்வீதப்படி ஓராண்டுக்கு 3,622 பவுண். விசாக் காலம் முழுவதற்கும் முன்கூட்டியே கட்டல் வேண்டும். இது சுமையே. ஆயினும் கட்டியவர் விசாக் கிடைத்துச் சென்றதும் வைத்தியசாலைக்குச் செல்லலாம். கொடுமை எது, எளிது எது என்று ஒப்பிடுவதன்று எமது நோக்கம். காத்திருப்பு ஒன்றே வழியன்று என்று காட்டுவதே நோக்கம்.

மருந்து என்னும் அதிகாரத்திலே திருவள்ளுவர் வைத்தியத்தின் உறுப்புக்களை நான்கென வகுத்தார்: நோயாளி, வைத்தியன், மருந்து, அருகிருந்து உதவுவோன். வைத்தியன் காலத்தை நோக்கவேண்டும் என்றும் கூறினார். அவர் கூறிய காலம் நோயின் காலம். நோயாளி விமானத்தில் வந்திறங்கிய காலம் அன்று. நான்கு உறுப்புக்களோடு ஐந்தாவதாக நாட்காட்டியைச் சேர்த்தவர் நிருவாகிகளே.

இத்தகைய குறை நெடுங்காலம் நீடிப்பதேன்? காரணம் எளிது. காத்திருப்பவருக்கு வாக்குரிமை இல்லை; வாக்குரிமை பெறும் காலத்தில் அவர் காத்திருப்பதில்லை. மூன்று மாதம் கழிந்ததும் அட்டை கைக்கு வருகின்றது; பட்ட துன்பம் மறந்து போகின்றது. அடுத்து வருபவர் அதே பள்ளத்தில் இறங்குகின்றார். துன்பப்படுவோர் மாறிக்கொண்டேயிருப்பதால், துன்பம் மாறாதிருக்கின்றது. ஆகவே இதனை நீக்கும் கடமை, கடந்து சென்று கரையேறியவர்களையே சாரும்.

கடல் கடந்து வாழும் எமது பழைய மாணவர் இதனைக் கருத்திற் கொள்ளல் வேண்டும். அவர்களுட் பலர் இன்று அந்நாட்டுப் பிரசைகள், வாக்காளர், வைத்தியர், சட்டத்தரணிகளும் உளர். காத்திருப்பு நிலவும் மாகாணங்களில் உள்ளோர் தத்தம் தொகுதி உறுப்பினரிடம் இதனை எடுத்துரைக்கலாம். ஒன்ராறியோவின் அனுபவமே அவர்கள் கையிலுள்ள சிறந்த ஆதாரம். கியூபெக் மாகாணம் பிரான்சு, பெல்சியம், போர்த்துக்கல், சுவீடன் முதலிய நாடுகளுடன் சமூகப் பாதுகாப்பு உடன்படிக்கை செய்துள்ளது. அந்நாடுகளின் காப்புறுதியில் உள்ளோர் உரிய பத்திரத்தைக் காட்டினாற் காத்திருக்க வேண்டியதில்லை. அப்பட்டியலில் இலங்கை இல்லை. உடன்படிக்கையால் நீங்கத்தக்க ஒன்று இயற்கை நியதியன்று என்பதை எமது அரசும் உணர்ந்து, அத்தகைய உடன்படிக்கை ஒன்றை நாடுதல் நன்று.

இங்குள்ள சங்கத்தினர் செய்யத்தக்கதும் உண்டு. பயணம் போவோருக்குப் பிரிவுபசாரம் நடத்தி மாலையிடுகின்றோம். அம்மாலையோடு ஒரு தாளையும் கொடுப்போமாக. செல்லும் மாகாணத்தில் காத்திருப்பு உண்டா என அறிக. உண்டாயிற் புறப்படுமுன்னரே காப்புறுதி வாங்குக. முன்னுள்ள நோயை மறையாது எழுதுக. வைத்தியக் குறிப்புக்களையும் பிள்ளைகளின் தடுப்பூசி அட்டையையும் எடுத்துச் செல்க. வழக்கமாக உண்ணும் மருந்தை விதிக்குட்பட்டு மூன்று மாதத்துக்குப் போதியதாகக் கொண்டு செல்க. இறங்கிய கிழமையே மாகாணக் காப்புறுதிக்குப் பதிக. அங்குள்ள கிளைச் சங்கங்கள் வந்திறங்குவோரின் பெயரைப் பெற்று, அவ்விடைக்காலத்தில் ஒருமுறையேனும் சென்று நலம் விசாரிக்கட்டும். சங்கத்தில் வைத்தியர் இருப்பின், எந்த நோய்க்கு எங்கே செல்வது என்று வழிகாட்டுதல் அவர்க்குப் பெரிதன்று.

மாணவர்களுக்கு ஒன்று கூறுவோம். நாளை நீவிரும் விண்ணப்பிக்கலாம். புள்ளிகளை எண்ணும்போது இந்நாட்களையும் எண்ணிக்கொள்க. கரையேறிய பின், பின்னால் வருவோரையும் எண்ணுக. கல்லூரியின் பெருமை, அதன் மாணவர் ஏறிய உயரத்தில் மாத்திரம் இல்லை. ஏறியவர் கீழே நிற்பவருக்கு நீட்டும் கையிலும் உண்டு.